பேத்தியுடையது என்று நான் சொன்ன லொறி

மகன்,

சலாம் சொல்லித் தொடங்கவே இன்று எனக்கு நா கூசுகிறது. சலாம் சொல்கிறவன், என்னால் உனக்கு ஒரு தீங்கும் வராது என்றுதானே சொல்கிறான்? தீங்கு வந்துவிட்டது. ஒரு தரம் அல்ல, இரண்டு தரம். ஆனாலும் சலாம் சொல்லாமல் உனக்கு எழுத என் கை வராது, அஸ்ஸலாமு அலைக்கும். போன ஞாயிற்றுக்கிழமை நீயும் ஹஸ்னாவும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனதிலிருந்து உன் உம்மா என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. கேட்டால், "போய்ப் புள்ளட்டச் சொல்லுங்க" என்கிறா. போனில் சொல்லலாம் என்று ஒரு நாள் எடுத்தேன். "வாப்பா, சுகமா இருக்கீங்களா?" என்று நீ கேட்டதும், கற்பிட்டியில் வெங்காயம் விலை விழுந்துபோன கதையைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால் இடையில் வெங்காயத்துக்குப் போக முடியாது, அதனால் எழுதுகிறேன். இதை ஒளித்து வாசிக்காதே. ஹஸ்னாவுக்கும் வாசித்துக் காட்டு, சம்மந்தி கேட்டால் அவர் கையிலும் கொடு. நாலு பேர் முன்னால் பொய் சொன்னவன், உண்மையை உறைக்குள் போட்டு ஒட்டி அனுப்புவது சரியில்லை.

உன்னை மாப்பிள்ளை கேட்டு கனமூலையிலிருந்து ஹஸ்னா வீட்டார் வந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். ஆம்பிளைப் பிள்ளையை வளர்த்துப் படிக்க வைத்து அடுத்த வீட்டுக்கு அனுப்புகிற ஊர் நம்முடையது. பெண் வீட்டார் வந்து வீட்டைப் பார்ப்பார்கள், மாப்பிள்ளை எப்படி இருக்கிறான், எப்படிக் கதைக்கிறான், நாளைக்கு நம் வீட்டில் வந்து எப்படிக் குந்துவான் என்றெல்லாம் பார்ப்பார்கள். உன் ராத்தா விடியப் பிடித்து வீடு கூட்டினாள், உம்மா திரைச்சீலை மாற்றினா, நான் முற்றத்தில் கிடந்த பழைய டயரை எல்லாம் வேலிக்குப் பின்னால் உருட்டிவிட்டேன். எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்தோம், உன் ரிமோட் லொறியை மட்டும் யாரும் பார்க்கவில்லை. டிவி பக்கத்தில், நீ செய்த மரத் தாங்கியின் மேல், மேல்மூடியைக் கழற்றி வைத்தபடி, சிவப்பு ஷொக் ஸ்பிரிங் நாலும் தெரிய அது நின்றது. சம்மந்தி கதிரையில் இருந்ததும் அவர் கண் நேரே அங்கேதான் போனது.

"இது ஆருட?" என்று கேட்டார். சும்மாதான் கேட்டார். தேங்காய் வியாபாரி, எந்தச் சாமானைக் கண்டாலும் கேட்கிற மனிசன். அந்த ஒரு கணத்தில் என் தலைக்குள் என்னவெல்லாம் ஓடியது என்று உனக்குத் தெரியவேண்டும். சந்தியில் தேத்தண்ணிக் கடையில் என்னைக் கண்டால் போதும், "என்ன லொறிக்கார நானா, ஒங்கட மகன் சேர் ஆலங்குடா மணல்ல வெள்ளக்காரனுக்கெல்லாம் லொறி ஓடிக் காட்டுறாராமே! நீங்க வச்சிருந்த லொறியவிடப் பெரிசோ?" என்று தொடங்குவான்கள். கணக்குப் படிப்பிக்கிற ஆசிரியர், பிள்ளைகள் எழுந்து நின்று சலாம் சொல்கிற ஆள், விளையாட்டு லொறிக்குப் பின்னால் கடற்கரையில் ஓடுகிறார் என்றால் நான் என்ன பதில் சொல்வது? புத்தளத்திலிருந்து கொழும்புக்கு உப்பு ஏற்றிய லொறிக்காரன் நான். என் மகனுக்கு விளையாட்டு லொறி என்பது எனக்கு மானக்கேடாக இருந்தது. அதனால், "அது எங்கட பேத்திட" என்றேன். வாயில் பொய் வந்த வேகம் எனக்கே ஆச்சரியம்.

"பொம்பளப் புள்ளைக்கா இவ்வளவு பெரிய லொறி?" என்று சம்மந்தி சிரித்தார். அத்தோடாவது நிறுத்தியிருக்கலாம். "அத ஏன் கேக்குறீங்க? அவ பாவைப்புள்ளையக் கையாலும் தொடமாட்டா. அவட வாப்பா கட்டார்ல இருந்து அனுப்பினது" என்று இன்னொரு அடுக்குப் போட்டேன். கட்டாரில் இருக்கிற மருமகனையும் இழுத்துவிட்டாயிற்று. உன் ராத்தாவின் மகள் ஸைனப் அப்போது என் கதிரைக்குப் பக்கத்தில்தான் நின்றாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு எது ஆருடையது என்று தெரியாதா? கண்ணை அகல விரித்து, "எனக்கா, மூத்தவாப்பா?" என்று கேட்டாள். கேட்ட குரலில் சந்தேகம் இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. நீ அறைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தாய். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாய் என்பது உன் நடை நின்றதிலேயே தெரிந்தது.

நீ என்னைப் பார்க்கவில்லை. நேரே போய் ஸைனப்புக்குப் பக்கத்தில் குந்தினாய். "ஓம் மகள், ஒன்டதான். ஆனா மாமா சொல்ற மாதிரி ஓடணும் என்ன? மொதல்ல ரிமோட்டப் போடணும், பொறகுதான் லொறியப் போடணும். நிப்பாட்டுறப்ப லொறிய மொதல்ல, ரிமோட்டக் கடைசில. மாறிப் போட்டா லொறி தன்ட பாட்டுல ஓடிரும்" என்று, வந்தவர்கள் முன்னாலேயே அவளுக்குப் பாடம் எடுத்தாய். சம்மந்தி வீட்டார், மாப்பிள்ளைக்குப் பிள்ளைகள் மேல் எவ்வளவு இரக்கம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அப்போது வெட்கம் வந்தது என்று எழுதினால் அதுவும் பொய். உள்ளுக்குள் நான் சிரித்தேன். கெட்டிக்காரத்தனமாகச் சமாளித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்றிரவு வட்டிலாப்பம் இரண்டு துண்டு கூடச் சாப்பிட்டேன்.

அந்த லொறியை நீ எப்படிக் கட்டினாய் என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன், அவ்வளவுதான். ஆலங்குடாவுக்குப் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வந்த வெள்ளைக்காரன் ஒருவன், முன் சில்லுகளைத் தாங்குகிற கை இரண்டும் முறிந்து மோட்டரும் எரிந்துபோன அந்த லொறியை உனக்குச் சும்மா கொடுத்துவிட்டுப் போனான். நீ பாய் விரித்து, ஸ்குரூக்களைப் போத்தல் மூடிகளில் வகைவகையாகப் போட்டுக்கொண்டு குந்துவாய். மோட்டரின் சின்னப் பல்லுச்சில்லையும் பெரிய பல்லுச்சில்லையும் பொருத்தும்போது நடுவில் ஒரு கடதாசித் துண்டை வைத்து இறுக்குவாய். பிறகு கடதாசியை உருவிவிட்டு, சில்லை விரலால் சுழற்றி, காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்பாய். நான் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து பார்ப்பேன். கியர்ப்பெட்டி பூட்டுகிற மெக்கானிக் ஒருவன் அந்தப் பொறுமையோடு எனக்குக் கிடைத்திருந்தால் நான் எத்தனை நாள் வீதியில் படுத்திருக்கத் தேவையில்லை. இதை உனக்கு ஒரு நாளாவது சொன்னேனா? இல்லை. "விளக்க அணைச்சிட்டுப் படு, கரண்ட் வீணாப் போகுது" என்றுதான் சொன்னேன். நீ சின்னவனாக இருக்கும்போது என்னோடு லொறியில் வர அழுவாய். படிக்கிற கை கிரீஸ் பிடிக்கக் கூடாது என்று உன்னை இறக்கிவிட்டுப் போனவனும் நான்தான். லொறி ஆசை உனக்கு ஆகாயத்திலிருந்தா விழுந்தது?

கல்யாணம் முடிந்து நீ கனமூலைக்குப் போகிற அன்று, உடுப்புப் பெட்டியோடு அதையும் எடுத்துக்கொண்டு போவாய் என்று உம்மா நினைத்தா. நீ அதை ஸைனப்பின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாய். "வாப்பா, புள்ளைக்குக் கொஞ்சம் பாத்துக் குடுங்க. உப்புத் தண்ணிக்குள்ள விட வேணாம். ஓடி முடிஞ்சதும் பிரஷ்ஷால மண்ணத் தட்டி விடுங்க. ஒயில் மட்டும் பூசிராதீங்க, மண் ஒட்டும்" என்றாய். நான் என்ன சொன்னேன்? "லொறிக்காரனுக்கு நீ லொறி படிப்பிக்கிறியா?" என்றேன். நீ சிரித்துவிட்டு என் கையைப் பிடித்து முத்தமிட்டுவிட்டுப் போனாய்.

இனி நான் எழுதப் போவதை உம்மாவும் இன்றைக்குத்தான் வாசிக்கப் போகிறா. லொறியை உடைத்தது, உம்மா நினைத்துக்கொண்டிருக்கிற மாதிரி, ஸைனப் அல்ல. அந்தப் பிள்ளை நீ சொல்லிக் கொடுத்ததை ஒரு சொல் தவறாமல் செய்தாள். ரிமோட் முதலில், லொறி பிறகு. நிறுத்தும்போது மாறி. ஒவ்வொரு தரமும் பிரஷ்ஷால் தட்டி, துணி போட்டு மூடி வைத்தாள். அவள் ஓட்டும்போது நான் கதிரையில் இருந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. ஒரு நாள் அவள் பள்ளிக்கூடம் போனதும், லொறியை என் பழைய சாரத்துணியால் சுற்றி, உர பேக்கில் போட்டு, ஆரும் காணாமல் களப்புப் பக்கத்துத் தரவைக்குக் கொண்டுபோனேன். வெயிலுக்கு உப்புப் பூத்து வெள்ளை வெளேரென்று கிடக்கிற வெளி, ஆள் நடமாட்டம் இல்லை. அல்லாஹ்வின் மேல் ஆணையாகச் சொல்கிறேன் மகன், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ரிமோட்டின் விசையை அழுத்த அது சீறிக்கொண்டு போகிறது, திருப்பினால் ஒரு பக்கச் சில்லைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறது, மேட்டில் ஏறிப் பாய்ந்து விழுந்தால் ஷொக் நாலும் அமுங்கி எழும்புகிறது. கிழவன் தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன். தேத்தண்ணிக் கடைக்காரன்கள் கண்டிருந்தால் என் கதை முடிந்தது. அந்த மயக்கத்தில், தரவையின் நடுவில் தேங்கிக் கிடந்த உப்புத் தண்ணீருக்குள் நேரே விட்டுவிட்டேன். முழங்கால் அளவு சேற்றில் இறங்கித்தான் எடுத்தேன்.

அப்போதே உனக்கு ஒரு போன் கோல் எடுத்திருந்தால் நீ சொல்லியிருப்பாய். கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்கலாம் என்று சொல்லியிருப்பாய். ஆனால் லொறிக்காரனுக்கு லொறி படிப்பிக்க முடியுமா? உப்பு ஏற்றுகிற நாங்கள் எல்லாரும் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஒயிலை வாளியில் பிடித்து வைத்து, லொறியின் அடிப்பக்கம் முழுக்கத் தெளித்துவிடுவோம். ஒயில் படிந்த இரும்பை உப்பு தின்னாது. என் லொறி அத்தனை வருஷம் ஓடியது அந்த ஒயிலால்தான். அதே மாதிரி, சந்தியில் இருக்கிற கராஜில் பழைய ஒயில் ஒரு போத்தல் வாங்கி வந்து, உன் லொறியின் மேலும் கீழும் ஊற்றினேன். சில்லுக்குள், பல்லுக்குள், மோட்டருக்குள், ஒரு இடம் விடவில்லை. உன் லொறியில் தின்ன இரும்பு எவ்வளவு இருக்கிறது? முக்கால்வாசி பிளாஸ்டிக்கும் றப்பரும். நீ சொன்ன ஒரே ஒரு சொல், ஒயில் பூசாதீங்க என்றது, என் மண்டையில் ஏறவில்லை. அன்றைக்கு ஸைனப் வருமுன் துணியால் மூடி வைத்துவிட்டு, அடுத்த நாள் காலை அவள் பள்ளிக்கூடம் போனதும் கடற்கரை மணலில் விட்டுப் பார்த்தேன். மணல் முழுவதும் ஒயிலில் அப்பிக்கொண்டது. பல்லுக்குள்ளிருந்து அரைக்கிற சத்தம் கேட்டது. சத்தம் கேட்டால் நிறுத்த வேண்டும் என்று லொறிக்காரனுக்குத் தெரியாதா? தெரியும். கொஞ்சம் வேகமாக விட்டால் மணல் தானாக உதிரும் என்று அழுத்தினேன். பெரிய பல்லுச்சில்லின் பல் வழித்துக்கொண்டு போய்விட்டது, மோட்டரிலிருந்து கருகல் மணம் வந்தது, அதோடு நின்றது.

ஸைனப் பள்ளிக்கூடம் விட்டு வந்து, புத்தகப் பையை இறக்காமலே, "என்ட லொறி எங்க?" என்று கேட்டாள். அப்போது அது என் கட்டிலுக்குக் கீழே உர பேக்கில் கிடந்தது. "மாமா வந்து கொண்டு போய்ட்டார்" என்றேன். "திருப்பித் தருவாரா?" என்று கேட்டாள். "தெரியாது" என்றேன். தருவார் என்று சொன்னால் பிறகு கேட்டுக்கொண்டே இருப்பாளே என்ற யோசனை! கொடுத்ததைத் திருப்பி எடுக்கிறவன் கக்கியதைத் தின்கிற நாய்க்குச் சமம் என்று நம் மார்க்கம் சொல்வது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பெயரை உன் தலையில் வைத்துவிட்டு, நான் லுஹர் தொழப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீயே பார்த்தாய். ஆனாலும் நான் பார்த்ததை நீ பார்த்திருக்க மாட்டாய், ஏனென்றால் என் கண்ணில் பட்டது உன் முகம். எப்போதும் வாசல் கேட்டடிக்கு ஓடி வந்து உன் கழுத்தில் தொங்குகிற பிள்ளை கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். ஹஸ்னா சொக்லட்டை நீட்டிக் கூப்பிட்டாள். "வேணாம். மாமா குடுத்துட்டுத் திருப்பி எடுத்துட்டுப் போற ஆள்" என்றாள் ஸைனப். ஹஸ்னாவுக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளையின் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஹஸ்னா உன்னைப் பார்த்தாள். நீ என்னைப் பார்த்தாய். நான் என் பிளேன்டிக் கோப்பையைப் பார்த்தேன். புது மனைவி முன்னால், நீ செய்யாத வேலைக்குக் குற்றவாளியாக நிற்கிறாய். ஒரு சொல் சொன்னால் போதும், பழி என் மேல் வந்துவிடும். நீ அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "ஓம் மகள், மாமாதான் எடுத்துட்டுப் போனேன். பல்லு தேஞ்சிருந்திச்சு. சரிபண்ணித் தாரேன்" என்றாய். போகும்போது கேட்டடியில், ஹஸ்னா வேனில் ஏறிய பிறகு, என் காதருகே வந்து ஒன்றே ஒன்று சொன்னாய்: "வாப்பா, பெட்டரிய மட்டும் கழட்டி வெளிய வைங்க. உப்பிப் போனா நெருப்புப் புடிச்சிரும்." லொறி எங்கே என்று நீ கேட்கவில்லை. என்னத்தைச் செய்தீங்க என்றும் கேட்கவில்லை. நான் படுக்கிற வீடு எரிந்துபோகக் கூடாது என்றுதான் யோசித்தாய். யா அல்லாஹ், அன்றைக்கு நீ எனக்கு ஏசியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பெட்டரியைக் கழற்றி வெளியே சீமெந்துத் திண்ணையில் வைத்தேன். பிறகு பாய் விரித்து எல்லாவற்றையும் கழற்றினேன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, சவர்க்காரமும் பல்லுத் தீட்டுகிற பிரஷ்ஷும் வைத்து ஒவ்வொன்றாகக் கழுவினேன். ஷொக்கின் றப்பர் எல்லாம் பழைய ஒயிலுக்கு ஊதிப்போய்க் கிடக்கிறது. பேரிங் சுற்றாது. கொழும்பில் இந்தச் சாமான் விற்கிற கடை ஒன்றுக்குக் கோல் எடுத்தேன். கதைத்த ஆள் நல்ல மாதிரி, எல்லாம் விளக்கமாகக் கேட்டுவிட்டு, "ஆருக்கு அங்கிள், பேரப்புள்ளைக்கா?" என்றார். முன்பின் தெரியாத ஆள். என் முகத்தை ஒரு நாளும் காணப் போகாத ஆள். அவரிடம் மானம் என்ன, மரியாதை என்ன? என் நாக்கு, "ஓம், பேத்திக்கு" என்றது. போனை வைத்துவிட்டு என் வாயிலேயே ஒரு அடி அடித்தேன். உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனா.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஸைனப்பைக் கூப்பிட்டுப் பாயில் என் முன்னால் இருத்தினேன். சாமான் எல்லாம் பரந்து கிடந்தது. "மாமா எடுக்கல்ல மகள். மூத்தவாப்பாதான் ஓடி ஒடச்சேன். ஒனக்குப் பொய் சொன்னேன்" என்றேன். அவள் வழித்துப்போன சில்லை எடுத்து விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "அப்ப அது என்ட லொறியெண்டு சொன்னது?" என்று கேட்டாள். "அதும் பொய்தான். அது மாமாட." அவள் அழுவாள், லொறிக்காக அழுவாள் என்று நான் ஆயத்தமாக இருந்தேன். அழவில்லை. "அப்ப மாமா ஏன் தான் எடுத்ததெண்டு சொன்னார்? மாமாவும் பொய் சொல்ற ஆளா?" என்று கேட்டாள். "எனக்காகச் சொன்னார்" என்றேன். "நீங்க சொல்லச் சொன்னீங்களா?" "இல்ல." "அப்ப ஏன்?" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் தகப்பன், வாய் சும்மா இருக்காது. பெரியவர்களின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நானும் உம்மாவும்தான் உனக்குச் சொல்லித் தந்தோம். அதை அளவில்லாமல் சொல்லித் தந்துவிட்டோம் போலிருக்கிறது. என் மானத்தை நீ காப்பாற்று, நான் கிழவனாகிப் படுக்கையில் கிடக்கும்போது அது எனக்கு வேண்டும். என் பொய்யை நீ காப்பாற்றாதே. ஹஸ்னா உனக்கு ஒரு பொய் சொன்னாலும் சரி, நாளைக்கு அல்லாஹ் தருகிற பிள்ளை சொன்னாலும் சரி, பக்குவமாகச் சொல், ஆனால் பொய் என்று சொல். நீ விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, உன்னைச் சுற்றி இருக்கிறவர்கள் என்னைப் போல் ஆகிவிடுவார்கள். இன்னொன்று: உன் கையால் செய்ததை உன் வீட்டு ஹோலில், வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் வை. ஆரும் கேட்டால், "இது என்ட" என்று சொல். நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது.

சம்மந்தி வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். உன் கல்யாணத்துக்குப் பிறகு மூன்று தரம் கூப்பிட்டும், நான் காலில் நோவு, வயிற்றில் கோளாறு என்று தட்டிக்கழித்தேன். எனக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லையோ என்று ஹஸ்னா உம்மாவிடம் கேட்டிருக்கிறாள். பாவம் அந்தப் பிள்ளை. அவளிடம் சொல், அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவளுடைய வாப்பா கதிரை இழுத்துப் போட்டு, "இருங்க நானா" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கிற துணிவு எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். இந்த வெள்ளிக்கிழமை வருகிறேன். உம்மா, ராத்தா, ஸைனப் எல்லாரும் வருவார்கள். லொறியின் துண்டுகளை மீன் பெட்டி ஒன்றில் அடுக்கியிருக்கிறேன். சஹன் தட்டை நடுவில் வைத்து எல்லாரும் சுற்றிக் குந்திய பிறகு, முதல் பிடி எடுப்பதற்கு முன்னால் சொல்லப் போகிறேன். அன்றைக்கு நீங்கள் கேட்ட லொறி என் மகனுடையது, வெட்கப்பட்டு மறைத்தேன், பிறகு நானே உடைத்தேன், உடைத்ததை அவன் மேல் போட்டேன், இது முழுவதும் சொல்வேன்.

நான் சொல்லத் தொடங்கியதும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். "வாப்பா பகிடிக்குச் சொல்றார்" என்று சிரித்துக்கொண்டே குறுக்கே வருவாய். வராதே மகன். சம்மந்தி என்னைப் பார்ப்பார், ஹஸ்னா உன்னைப் பார்ப்பாள், நீ ஒருவரையும் பார்க்காமல் குனிந்துகொண்டு இரு. நான் தடுமாறினாலும் எடுத்துக் கொடுக்காதே. என் கண் கலங்கினாலும் தண்ணீர்க் கோப்பையை நீட்டாதே. ஸைனப் உன் பக்கத்தில்தான் குந்துவாள். அவள் உன் கையைப் பிடித்து, "மூத்தவாப்பா பொய் சொன்னாரா மாமா?" என்று கேட்டால் மட்டும், எல்லாருக்கும் கேட்கும்படி, ஓம் என்று சொல்.